யன்னல் வைத்த உருளைக்கிழங்குப் பை: வன்னி வளவுக்குச் சரிவருமா?

கறுப்புத் துணிப் பை, 40 லீற்றர், பக்கத்தில் ஒரு யன்னல். அதைத் திறந்து வேண்டிய கிழங்கை எடுத்துக்கொண்டு திரும்ப மூடலாம் என்று சொல்லி விற்கிறார்கள். பை நல்ல பை. யன்னல்தான் வேண்டாத வேலை.

துணியில் தண்ணீர் தேங்காது. கார்த்திகை மழையில் வளவு சதசதத்துக் கிடந்தாலும் இரண்டு கல்லின்மேல் தூக்கி வைத்தால் அடி அழுகாது. ஆனால் யன்னலின் வெல்குரோ பட்டியில் மண் ஏறியதும் பிடி விட்டுப்போகிறது. அந்த இடுக்கால் வெளிச்சம் பட்டு ஓரத்துக் கிழங்கு பச்சையாகும். பச்சைக் கிழங்கு கசக்கும், நஞ்சும்கூட. திறக்கும் ஒவ்வொரு முறையும் நூல் போன்ற கிழங்குக்கொடி அறும்; நுனியில் கடலையளவில் இருந்த கிழங்கு அத்தோடு சரி. வாங்கியிருந்தால் சாக்கு ஊசியால் தைத்து மூடிவிடுங்கள்.

உறைப் படத்தில் அடியிலிருந்து வாய்வரை கிழங்கு. கிரனோலா போன்ற மூன்று மாத இனம் அப்படி அடுக்கடுக்காக விடாது. மண் அணைப்பது கிழங்கில் வெயில் படாமலிருக்கத்தான்.

பையைவிட நாள் முக்கியம். இரவுச் சூடு 20 பாகைக்குக் கிட்ட இறங்காவிட்டால் செடி தழைக்கும், கிழங்கு வைக்காது. நவம்பர் கடைசியில் நட்டால் கிழங்கு வைக்கும் கட்டம் தைக் குளிரில் விழும். வெக்கையான சிறுபோகத்துக்கு இந்தப் பையை வாங்குவது காசுக்கு நட்டம்.

மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒன்று, உமிக்கரி ஒன்று. கத்தரி, மிளகாய், தக்காளி நின்ற மண் வேண்டாம். வாடல் நோய் கூடவே வரும். சாம்பல் கொட்டினால் தோலில் சொறி பிடிக்கும். ஒரு சாண் நிரப்பி, முட்டையளவு விதைக்கிழங்கு இரண்டை முளை மேலே பார்க்க வைத்து நாலு விரல் மூடுங்கள். வெட்டி நட்டால் மாரி ஈரத்தில் அழுகும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனி இலைகளை விட்டு மண் அணையுங்கள்.

மாசியில்தான் கறுப்புத் துணி வேலையைக் காட்டும். மேல்மண் ஈரமாயிருக்க, மேற்குப் பக்கம் காய்ந்து சுடும். அந்தப் பக்கம் கிடுகு சாத்தி, காலை மாலை அளவாக ஊற்றுங்கள். வாடவிட்டு நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

யன்னலில்லாத பை போதும். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட இரண்டு உரப்பையும் போதும். ஒற்றை வெள்ளைப் பை வெளிச்சம் விடும். இரண்டு விதைக்கு ஒரு கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். அதே மண்ணில் திரும்பக் கிழங்கு நடாமல் பயற்றை போடுங்கள்.