‘பத்து வருடம்’ என்ற ஒரு வரி: மறுத்த கிளைமைத் திரும்ப வாங்கிய எட்டு மாதம்

எங்கள் வீட்டில் 2017 இலிருந்து ஒரே கம்பனியின் மருத்துவக் காப்புறுதிதான். முதல் ஆறு வருடத்தில் மூன்று தடவை கிளைம் செய்தோம். மகளுக்கு டெங்கு, எனக்குப் பித்தப்பைக் கல், பிறகு மகள் விழுந்து கையை முறித்துக்கொண்டது. மூன்றுக்கும் இரண்டு மூன்று வாரத்தில் காசு வந்தது. யாராவது கேட்டால் நல்ல பொலிசி என்றுதான் சொல்லி வந்தேன்.

நான்காவது கிளைம்தான் பெரியது. 2023 பெப்ரவரியில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அடைத்த இருதயக் குழாயை விரித்து வைக்கும் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 1,160,000 ரூபாய். வங்கியில் இருந்ததை எடுத்து, என் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகு வைத்துக் கட்டினோம். காப்புறுதிக் காசு வந்ததும் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை.

ஏப்ரலில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று பந்தி. ‘ரெபியூடியேட்’ என்று ஒரு சொல் இருந்தது. மகள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது முழு மறுப்பு என்று விளங்கியது. காரணம் இதுதான்: இவருக்கு பொலிசி எடுப்பதற்கு முன்பே பிரஷர் இருந்தது, அதை முன்மொழிவுப் படிவத்தில், அதாவது பொலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில், மறைத்துவிட்டார்.

இவர் எதையும் மறைக்கவில்லை. பிரஷர் இருப்பது தெரிய வந்ததே 2018 இல்.

நான் கோபத்தில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆறு வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டியது, நகை அடகில் இருப்பது எல்லாம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து, முடிவில் மாற்றமில்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. என் கடிதத்தில் இருந்தது எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்குப் பதில் அதில் ஒரு வரிகூட இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர்தான் சொன்னார்: “தங்கச்சி, முதல்ல அவையள் எந்தப் பேப்பரைப் பார்த்து இப்பிடிச் சொல்லினம் எண்டு கேளும். அதைக் காணாமல் என்னத்தை மறுக்கப் போறீர்?” உடனே மூன்று விஷயம் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன். எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தீர்கள், எந்த ஆவணத்தை வைத்து, எங்கள் முன்மொழிவுப் படிவத்தின் பிரதி எங்கே. இந்த எட்டு மாதத்தில் நான் செய்த மிகப் பிரயோசனமான வேலை அதுதான்.

பதிலோடு வந்தது எங்களுடைய டயக்னோசிஸ் கார்ட்டின், அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நோய் விபரம் எழுதித் தரும் தாளின், பிரதி. கிளைம் படிவத்தோடு நான் வாசிக்காமலே இணைத்துக் கொடுத்த அதே கார்ட். அதில் பிரஷர், பத்து வருடம் என்று கையால் எழுதியிருந்தது. 2023 இல் பத்து வருடம் என்றால் 2013. பொலிசி 2017. அவர்கள் கணக்கு அவ்வளவுதான்.

இவரிடம் கேட்டேன். அட்மிட் ஆன இரவு சின்ன டாக்டர் சிங்களத்தில் கேட்டுக் கேட்டு எழுதினாராம். வலியோடு படுத்திருந்தவருக்கு ஞாபகம் இருந்தது, ‘அவுருது தஹயக் விதர’, பத்து வருடமளவில், என்று தான் சொன்னது மட்டும். நெஞ்செரிவைத்தான் சொன்னாராம். காஸ்ட்ரைட்டிஸ் என்று பத்து வருடமாக மருந்து குடிக்கிறவர். அது பிரஷருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

இனி 2018 என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு உதவியது களுபோவில ஆஸ்பத்திரி க்ளினிக் கொப்பி. மாதாமாதம் மருந்துக்குக் கொண்டுபோகும் அதே சி.ஆர். கொப்பிதான். புதுக் கொப்பி போட்டதும் பழையதை எறிகிற வீடுகள் நிறைய. என் மாமியார் எறிய விடமாட்டார். பழைய கொப்பிகளை ரப்பர் பாண்ட் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் 2018 மே மாதத் திகதியும், புதிதாகக் கண்டறியப்பட்டது என்ற குறிப்பும், டாக்டரின் முத்திரையும். அதைக் கண்டபோது நான் அழுதுவிட்டேன்.

அந்தக் கொப்பியைக் கொண்டு ஸ்டென்ட் வைத்த டாக்டரைத் தனியாகப் பார்க்க நம்பர் எடுத்துச் சனல் பண்ணினோம். இரவு பத்து மணி வரை காத்திருந்து பார்த்தோம். அவர் பார்த்துவிட்டு, கார்ட்டில் உள்ள கால அளவு அட்மிட் ஆகும்போது வாயால் கேட்டு எழுதியது, க்ளினிக் பதிவின்படி 2018 என்று தன் கடிதத்தாளில் எழுதித் தந்தார். கோபப்படுவாரோ என்று பயந்துதான் போனேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு ஆதாரம் முன்மொழிவுப் பிரதியோடு வந்த தாள்களுக்குள் கிடைத்தது. 2017 இல் பொலிசி தர முன்பு கம்பனியே அனுப்பிய டாக்டர் இவரைச் சோதித்திருந்தார். அந்த அறிக்கையில் பிரஷர் 126/80. அவர்களுடைய கோப்பிலேயே இருந்த தாள் அது! மற்றப்படி அந்தப் படிவத்தைப் பார்த்தபோது மனம் பதறியது. ஏஜன்ட் தம்பி “எல்லாத்துக்கும் இல்லை தானே அண்ணா?” என்று கேட்டுக்கொண்டே அவரே அடித்துச் சென்ற புள்ளடிகள். எங்கள் விஷயத்தில் பிரஷருக்கு ‘இல்லை’ என்பது உண்மைதான். ஆனால் இவர் ஒரு கேள்வியையும் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது மேன்முறையீடு ஒரு பக்கம். திகதி வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இணைப்பு. அதையும் கம்பனி ஏற்கவில்லை. ஆனால் இம்முறை ‘இதுவே எமது இறுதி முடிவு’ என்று எழுதினார்கள். அந்தக் கடிதம் முக்கியம். அதை வைத்துத்தான் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது கம்பனிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கை விசாரிப்பவரிடம், போனேன். கம்பனியிடம் கேட்டு முடித்த பிறகுதான் அங்கே முறையிட வேண்டும். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். எங்கள் பழைய தாள்களில் ‘காப்புறுதிச் சபை’ என்று இருந்ததால் முதலில் குழம்பினேன். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அதே நிறுவனம்தான், 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெயர் மாறியது. நான் வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறி, கோட்டை உலக வர்த்தக மையத்தில் இருந்த அவர்கள் அலுவலகம் வரை ஒரு நாள் போய் விசாரித்துவிட்டும் வந்தேன். ஆனால் முறைப்பாடு கொடுத்தது ஒம்புட்ஸ்மனிடம் மட்டும்.

ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தில் இரண்டு தரப்பிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். டிசம்பரில் 1,020,000 ரூபாய் கணக்கில் விழுந்தது. மீதி பொலிசியில் அடங்காத செலவுகள், அதில் எனக்கு வழக்கில்லை. அடகு வட்டியை மட்டும் யாரும் தரவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

பொலிசியை விடவில்லை. இவருடைய வயதுக்கும் ஸ்டென்டுக்கும் இனி வேறு கம்பனி சும்மா எடுக்காது. தவணை கூடிவிட்டது, என்றாலும் கட்டுகிறோம். சின்னக் கிளைமுக்கு நல்லது, பெரிய கிளைமுக்குப் போராட வேண்டும் என்பதுதான் இத்தனை வருடம் பாவித்த பிறகு என் அபிப்பிராயம்.

போன மாதம் இவரைக் காய்ச்சலுக்கு அட்மிட் பண்ண வேண்டி வந்தது. வார்ட்டில் சின்ன டாக்டர் பேனையை எடுத்து, பிரஷர் எவ்வளவு காலம் என்று கேட்டார். இவர் வாயைத் திறக்க முன்பே பையிலிருந்து கொப்பியின் முதல் பக்கத்தின் போட்டோகொப்பியை எடுத்து நீட்டினேன். அவர் திகதியைப் பார்த்து 2018 என்று எழுதினார். எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.