பியூரெட் செட்: டிகேஏ பிள்ளைக்கு டிரிப் ஓட்ட எவ்வளவு நம்பலாம்?

டிகேஏ (டயபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ்) என்பது இன்சுலின் போதாமல், கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் நிலை. அப்படிச் சர்க்கரையும் கீட்டோனும் ஏறி, மூச்சு வாங்க வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது டிரிப். இன்சுலின் அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான். யார் டூட்டியில் இருந்தாலும் டிரிப் ஒரே கணக்கில் ஓட, டிரிப் பம்ப் இல்லாத வார்டில் எங்கள் தேர்வு 100 மி.லி. மைக்ரோ டிரிப் பியூரெட் செட்: பாட்டிலுக்குக் கீழே மாட்டும், அளவுக் கோடு போட்ட குழாய், 60 சொட்டு ஒரு மி.லி. இதற்குக் கரண்ட் வேண்டாம். 2018 கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நினைத்தால் இது பெரிய விஷயம்.

ஒரு மணி நேரத்துக்கு உண்டானதை மட்டும் இறக்கி மேல் கிளாம்பை மூடிவிடலாம். கீழ் ரோலர் நழுவினாலும் அதற்கு மேல் போகாது. பாட்டிலை நேராக மாட்டினால் இந்தக் காப்பு கிடையாது.

20 கிலோ பிள்ளை, ஷாக் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் அரை மணியில் நார்மல் சலைன் கிலோவுக்கு 10 வீதம் 200 மி.லி. நீரிழப்பு 7 சதவீதம் என்றால் 1400. கொடுத்தது போக 1200. 48 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 25. அன்றாடத் தேவை நாளுக்கு 1500, மணிக்கு 62.5. இரண்டும் சேர்ந்து சுமார் 88 மி.லி. அதாவது நிமிடத்துக்கு 88 சொட்டு. கண்ணால் எண்ணி மாளாது. பியூரெட் கோட்டைப் பாருங்கள்: கால் மணிக்கு 22 மி.லி. இறங்கியிருக்க வேண்டும். 30 கிலோ பிள்ளைக்கு மணிக்கு 108 வந்துவிடும், இரண்டு தடவை நிரப்பணும். அது ஒரு குறைதான்.

சிறுநீர் போய், பொட்டாசியமும் கூடுதலாக இல்லையென்றால், 500 மி.லி. சலைனில் பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பூல் ஒன்று. பாட்டிலிலேயே போட்டுப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். கலக்காவிட்டால் அடியில் தங்கி மொத்தமாக இறங்கி இதயத்தை நிறுத்திவிடும். பியூரெட்டில் ஊசி மருந்து செலுத்தும் வாய் வழியாகப் போடவே கூடாது.

சர்க்கரை 300 மி.கி.க்குக் கீழே வந்ததும் இரண்டாவது பியூரெட், திரீ-வே (இரண்டு டியூபை ஒன்றாக்கும் திருகு) வழியாக. 500 மி.லி. டிஎன்எஸ்ஸில் (5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த நார்மல் சலைன்) 55 மி.லி. எடுத்துவிட்டு, அதே அளவு 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தால் ஏறத்தாழ 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். இதிலும் அதே பொட்டாசியம். முதல் சலைன் பியூரெட், இது இரண்டிலும் மணிக்கு 44 மி.லி. விட்டால் பிள்ளைக்குப் போவது 5 சதவீதம். சர்க்கரை ஏற இறங்க, மொத்தம் 88 மாறாமல் பங்கை மட்டும் மாற்றலாம். இரண்டு பியூரெட்டும் ஒரே உயரத்தில் தொங்கணும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏறும்.

இன்சுலினுக்கு இது ஆகவே ஆகாது, சிரிஞ்ச் பம்ப்தான். 50 யூனிட் ரெகுலர் இன்சுலின், மொத்தம் 50 மி.லி. சலைனில், டியூபில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் 20 மி.லி.யை ஓட்டிக் கொட்டிவிடுங்கள். வயலைப் படித்துவிட்டு எடுங்கள்: மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலில் 1.25 மி.லி., 100 யூனிட் உள்ள வயலில் 0.5 மி.லி. மாறினால் இரண்டரை மடங்கு தவறு.

முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு 108 ஆம்புலன்ஸில் அனுப்பும்போது கவனம். பியூரெட் சாய்ந்து மேலே உள்ள காற்று ஃபில்டர் நனைந்தால் ஓட்டம் நின்றுவிடும். செட்டையே மாற்றணும், உபரி ஒன்று வண்டியில் இருக்கட்டும். கூடவே 3 சதவீத சலைன் 100 மி.லி. பாட்டிலும். தலைவலி கூடி, பிள்ளை மந்தமாகி, நாடி குறைந்தால் மூளை வீக்கம் என்று எடுத்துக்கொண்டு அதைக் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.லி., 10–15 நிமிடத்தில். ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம்.