பழைய மோட்டார்ஹோமுக்கு அச்சிட்டு வாங்கிய ஜன்னல் கைப்பிடிகள்

என் மோட்டார்ஹோம், டால்பட் எக்ஸ்பிரஸ் வேனின் மேல் குடியிருக்கும் அறையைக் கட்டிய வண்டி. அதன் எஞ்சின் பக்கம் எனக்குக் கவலையே இல்லை. ஃபியட் டுகாட்டோ, பெஜோ ஜே5, சிட்ரோயன் சி25 என்று வேறு பெயர்களிலும் ஓடிய அதே வண்டிதான் இது. 1994இல் உற்பத்தி நின்றுவிட்டாலும், வாட்டர் பம்ப்புக்கும் பிரேக் பேடுக்கும் அலைய வேண்டியதில்லை. தலைவலி எல்லாம் அதன் முதுகில் கட்டிய வீட்டில்தான்.

என்னுடையது 1991ஆம் ஆண்டு வண்டி. அக்ரிலிக் ஜன்னல்களை உள்ளிருந்து இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் கைப்பிடிகள் ஒவ்வொன்றாக முறியத் தொடங்கின. கடைகளில் விசாரித்தால் "அது நின்றுபோய் ரொம்ப வருஷமாகிறது" என்ற ஒரே பதில். பழைய மோட்டார்ஹோம்களை உடைத்து உதிரி விற்கும் காயலான் கடையில் ஒன்று கிடைத்தது, 15 பவுண்டுக்கு. அதுவும் என் வண்டியின் வயதுதான். அதே முப்பது வருஷ வெயிலைத் தின்ற பிளாஸ்டிக். மாட்டித் திருப்பியதும் பொட்டென்று போய்விட்டது.

அதன் பிறகுதான் பர்மிங்காம் பக்கத்தில், முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் வைத்திருக்கும் ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். உடைந்த துண்டுகளைப் பசையால் ஒட்டி முழு உருவமாக்கி எடுத்துச் சென்றிருந்தேன். பட்டறைக்கார இளைஞர் அதைக் காலிப்பர் என்ற அளவுக்கருவியால் அளந்துகொண்டே கேட்ட முதல் கேள்வி: "இந்த நாக்கு எந்தப் பக்கமாக இழுபடும்?"

அந்தக் கேள்வியிலேயே அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த இயந்திரம் உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படியவைக்கிறது. அடுக்கின் நீளவாக்கில் வலு உண்டு. ஓர் அடுக்கும் அடுத்த அடுக்கும் ஒட்டும் இடத்தில் வலு குறைவு. கைப்பிடியை நிறுத்திவைத்து அச்சிட்டால் பார்க்க வழவழப்பாக வரும், ஆனால் ஜன்னலை இறுக்கும் விசை முழுவதும் அந்த ஒட்டில் விழும். அவர் படுக்கவைத்து அச்சிட்டார். அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், அது ஜன்னல் சட்டத்தைப் பார்த்துத்தானே இருக்கிறது! கணினி வரைபடக் கோப்பை அனுப்பினால் பொருளைத் தபாலில் அனுப்பும் மலிவான இணையச் சேவைகளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பொருத்தம் பார்க்க முதலில் பிஎல்ஏ என்ற மலிவான பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி தந்தார். அதையே வண்டியில் விட்டுவைக்கக் கூடாது. சுமார் 60 டிகிரியில் அது தளர்ந்துவிடும்; கோடையில் பூட்டிய வண்டிக்குள் ஜன்னலோரம் வெயில் நேராக விழும் இடம் அந்தச் சூட்டை நெருங்கும். இறுதி வடிவம் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில். அது கிட்டத்தட்ட 100 டிகிரி வரை தாங்கும், வெயிலுக்கும் எளிதில் நொறுங்காது. இடக்கைக் கைப்பிடியை வரைந்ததும் வலக்கை வடிவத்தைக் கணினியில் புரட்டி எடுத்துவிட்டார், அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை. வரைபடத்துக்கு 45 பவுண்ட், கைப்பிடி ஒன்றுக்கு 6 பவுண்ட். ஜன்னல் நிறைய உள்ளவர்களுக்குக் காயலான் கடையைவிட இது லாபம்.

கிளம்பும்போது ஓர் எச்சரிக்கையும் தந்தார். திருகு கழலாமல் இருக்கப் போடும் நீலத் திரவத்தை இதில் தொடவே கூடாதாம். ஏஎஸ்ஏயிலும் அக்ரிலிக்கிலும் அது விரிசல் விழவைக்கும். அதற்குப் பதில் உள்ளே நைலான் வளையம் உள்ள நட் போடச் சொன்னார். இதை எந்த உதிரிபாகக் கடையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

பின்விளக்கின் சிவப்பு வில்லையையும் செய்து தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார், தயங்காமல். வில்லையில் ஒப்புதல் முத்திரையாக, வட்டத்துக்குள் 'ஈ' (E) என்ற ஆங்கில எழுத்தும் ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் இருக்கும்: 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 11 பிரிட்டன். அந்த ஒப்புதல் இல்லாத வில்லையோடு சாலையில் ஓடக் கூடாது. பழைய வில்லையில் பொறித்திருந்த உற்பத்தி எண்ணைத் தேடும்படி அவரே சொன்னார். தேடினால், அதே விளக்கு டிரெய்லர்களுக்கென்று இன்னமும் புதிதாக விற்பனையில் இருக்கிறது! மோட்டார்ஹோம் கட்டியவர்கள் விளக்கைத் தாங்களே செய்யவில்லை, வாங்கித்தான் பொருத்தினார்கள். வாகன விளக்கு, எரிவாயு, பிரேக் சம்பந்தமான எதையும் அச்சிட ஒப்புக்கொள்ளும் பட்டறையாக இருந்தால் நான் இன்னொரு பட்டறையைத் தேடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வருவதற்குள் பொறுமை போய்விடும். தொலைபேசியில் கூப்பிடுவதே மேல். திருகுத் துளைகள் சற்றுச் சிறிதாக வந்தன, 4 மில்லிமீட்டர் துளைப்பானால் நானே பெரிதாக்கினேன். நிறமும் பொருந்தவில்லை. பழுப்பேறிய பழைய வெள்ளையில் ஏஎஸ்ஏ இழை அவரிடம் இல்லை, கறுப்பில்தான் வாங்க வேண்டியிருந்தது. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. மீதி இருக்கும் பழைய கைப்பிடிகளையும் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கறுப்பாக்கச் சொல்கிறார். வரைபடக் காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் நானும் சரி என்றுவிட்டேன்.