ஈர மக்காச்சோளம்: களத்தில் காயவைப்பதா, பைண்டர் பவுடரை நம்புவதா?

போன தை மாதம் மாடுகளுக்கு அரைக்க எட்டு மூட்டை மக்காச்சோளம் வாங்கினேன். இறக்கிய மறுநாள் ஒரு மூட்டையை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். மேலே சில்லென்று இருந்த மணி, உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் மக்கிப்போன சாக்கு வாடை. விற்றவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அரைக்கும்போது டாக்சின் பைண்டர் பவுடர் கொஞ்சம் சேர்த்துக்குங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

பைண்டர் என்பது தீவனத்தில் உள்ள பூசண நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் பொடி. அது சும்மா பேச்சில்லை, வேலை செய்கிற பொருள்தான். ஆனால் அதைப் போட்டால் ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் வரிசை இதுதான்: முதல் காசு உலர்த்துவதற்கு, அடுத்தது சல்லடைக்கு, அப்புறம்தான் பைண்டருக்கு.

எதற்குப் பயப்படுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குகிறது. கதிரின் தோகையை உரித்தால், புழு குடைந்த நுனியில் பச்சையும் மஞ்சளும் கலந்த பொடியாகப் படிந்திருக்குமே, பெரும்பாலும் அதுதான். பூசணம் செத்தாலும் நஞ்சு போகாது. அரைத்தாலும் வேகவைத்தாலும் பெல்லட் தீவனமாக அழுத்தினாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் பகுதிகளில் அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, ஈரல் கெட்டு 106 பேர் இறந்தார்கள். அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது.

மாடு வைத்திருப்பவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. தீவனத்தில் உள்ள அஃப்ளாடாக்சின் பி1, மாட்டின் உடலுக்குள் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551 மாதிரிகளில் 88. எண்ணிக்கையில் மாநிலங்களில் நாம்தான் முதலிடம். தண்ணீர் கலந்தார்களா என்று பாலைப் பார்க்கிற நாம், மாடு என்ன தின்றது என்று பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லிட்டர் கறக்கும் மாடு நாளுக்கு 2 கிலோ மக்காச்சோளம் தின்கிறது. அதில் கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் நஞ்சு என்றால் உள்ளே போவது 300. நூற்றுக்கு இரண்டு பங்கு பாலுக்கு வந்தாலும் 6 மைக்ரோகிராம், அதாவது லிட்டருக்கு 0.6. நம் நாட்டு வரம்பு 0.5. கிலோவுக்கு 20 என்ற அளவில் சோளம் இருந்தால் அதே பாலில் 0.08தான் வரும். கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கொண்டுவருகிற நஞ்சை இதில் நான் சேர்க்கவே இல்லை.

சரி, உலர்த்துவதைப் பார்ப்போம். அறுவடையில் 20, 25 சதவீதம் ஈரத்தோடு வரும் மணியை 13க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் இந்தப் பூசணம் வளராது. தார்ப்பாய் விரித்து, இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் நல்ல வெயிலில் சில நாள் வேலை. ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் இல்லையா? காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி மணியும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் அடியிலேயே கிடந்தால் அதற்குக் கீழே. அதன் பிறகும் ஒரு வெயில் கொடுத்துவிடுவது என் பழக்கம்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் செய்வதில்லை? எடைதான் காரணம். 18 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ, 13க்கு வரும்போது 94 கிலோ ஆகிவிடுகிறது. அந்த 6 கிலோவும் விவசாயி கையிலிருந்து போகிறது, களத்துக்கூலி வேறு. காய்ந்த மணிக்குத் தனி விலை கொடுக்காமல், "ஏன் காயவைக்கவில்லை" என்று அவரைக் கேட்பது நியாயமே இல்லை. அந்த 6 கிலோவின் விலையையும் கூலியையும் வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலர்த்தலுக்கு ஒரு குறையும் உண்டு. வயலிலேயே உண்டாகிவிட்ட நஞ்சை வெயில் எடுக்காது. மேலும் கூடாமல் நிறுத்தும், அவ்வளவுதான். பூசணத்தைத் தடுக்கப் போடும் புரோபியோனிக் அமிலமும் இப்படித்தான்.

இருக்கும் நஞ்சுக்குத்தான் பைண்டர். இதில் பல வகை உண்டு, விலையும் பலவிதம். பென்டோனைட் போன்ற களிமண் வகைதான் அஃப்ளாடாக்சினுக்கு நம்பகமானது. அந்த நஞ்சின் மூலக்கூறு தட்டையானது. களிமண்ணின் அடுக்குகளுக்கு நடுவே சொருகிக்கொண்டு, சாணத்தோடு வெளியே போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இதை அஃப்ளாடாக்சின் பி1ஐக் குறைக்கும் தீவனச் சேர்மமாக ஏற்றது. ஆனாலும் பாலில் எம்1 குறையுமே தவிர, முழுக்க நிற்காது. பாதி குறைந்தால் நல்ல பலன் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்கில் 0.6 என்பது 0.3 ஆகும். கிலோவுக்கு 400 மைக்ரோகிராம் உள்ள சோளமாக இருந்தால் பாதியாகக் குறைந்த பிறகும் பால் வரம்பைத் தாண்டும்.

அடுத்த வகை ஈஸ்ட் செல்சுவர். இது சீரலினோன் போன்ற வேறு நஞ்சுகளுக்கு ஓரளவு உதவும், விலையும் கூடுதல். நொதி வகைகள் ஃபியூமோனிசின் போன்ற பூசண நஞ்சுகளை உடைப்பவை. பன்றிப் பண்ணைக்கு அவை அவசியப்படலாம். பால்மாட்டுக்கு நான் அந்தக் காசைச் செலவழிக்க மாட்டேன். "எல்லா நஞ்சுக்கும் ஒரே பவுடர்" என்று விற்றால், எந்த நஞ்சுக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். வெறும் களிமண்ணாக இருந்தால் அது அஃப்ளாடாக்சினுக்கு மட்டும்தான் உருப்படியாக உதவும்.

நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சோதனைப் பட்டை, ஆய்வகம் இரண்டும் நல்லவை. மாதிரி எடுக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். நஞ்சு சோளம் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரே மணியில் கிலோவுக்கு 4 லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கில்கூட இருந்திருக்கிறது. 0.3 கிராம் எடையுள்ள அப்படியொரு மணி விழுந்தால் போதும், 5 கிலோ சுத்தமான சோளம் கிலோவுக்கு 24 மைக்ரோகிராமைத் தொட்டுவிடும். ஆகவே மேல்மூட்டையில் ஒரு பிடி அள்ளிச் சோதித்துவிட்டு "கிளியர்" என்று சொல்லும் சீட்டுக்கு மதிப்பில்லை. மூட்டைக்கு மூட்டை குத்தூசியால் எடுத்து, ஐந்து கிலோவாவது சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து எடுத்தால்தான் சோதனைக்கு அர்த்தம்.

நல்ல சோளத்தோடு கெட்டதைக் கலந்து அளவைக் குறைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கெட்டது எவ்வளவு கெட்டது என்று தெரியாமல் கலந்தால், மொத்தமும் கெடும்.

என் எட்டு மூட்டையில் வெதுவெதுப்பாக இருந்த மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதியைக் காயவைத்துச் சலித்து, களிமண் பைண்டர் சேர்த்து அரைத்தேன். உடைந்த மணி, தூசி, புழு அரித்த துண்டு ஆகியவற்றில்தான் நஞ்சு அதிகம் சேர்கிறது. அதனால் சல்லடை ஒன்று இல்லாமல் மக்காச்சோளம் வாங்கவே கூடாது. சலித்து விழுந்த குப்பையைக் கொல்லையில் கோழிக்கும் வாத்துக்கும் வீசுவது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். அஃப்ளாடாக்சினுக்கு மிகச் சீக்கிரம் பலியாகும் பறவைகளில் வாத்துக் குஞ்சுக்குத்தான் முதலிடம். நான் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன்.