சுமத்ரா தட்டு எல்லையை கியூஜிஐஎஸ்-இல் வரைவது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

சுமத்ரா–அந்தமான் எல்லையில் கடல் தட்டு சாய்வாகக் கீழே இறங்குகிறது. அதனால் அங்கே மூன்று வகை நிலநடுக்கங்கள் ஒரே வரைபடத்தில் கலந்து கிடக்கும்: தட்டுகள் உரசும் தளத்தில் வருபவை (2004 சுனாமியை எழுப்பியது), இறங்கிய தட்டுக்குள்ளேயே வருபவை (2009-இல் மேற்கு சுமத்ராவின் பாடாங் நகரைத் தாக்கியது), தீவின் நெடுக ஓடும் சுமத்ரா பெரும்பிளவில் வருபவை. இவற்றைப் பிரித்தெடுக்க இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) தாராளமாகப் போதும். நேரத்தை விழுங்குவது தரவு, அதிலும் ஆழம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்-இன் நிலநடுக்கப் பட்டியல் ஒரு தேடலுக்கு 20,000 பதிவுகள் வரைதான் தரும். ஆண்டுவாரியாக சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) இறக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு 4.5-க்குக் கீழே உள்ளவற்றை எண்ணிக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இப்பகுதியில் அவை முழுமையாகப் பதிவாவதில்லை. பெரிய நடுக்கத்துக்குப் பிந்தைய சில மணி நேரத்தில் விடுபடல் இன்னும் அதிகம்.

ஆழ நெடுவரிசையில் 10, 33 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வரும். ஆழத்தைக் கணிக்கப் போதிய தரவு இல்லாதபோது நிரப்பப்படும் மாறாத இயல்பு மதிப்புகள் அவை. அப்படியே குறுக்குவெட்டில் போட்டால் படுக்கையாக இரண்டு கோடுகள் விழும், புதியவர்கள் அதைப் பிளவுத்தளம் என்றே படித்துவிடுவார்கள். இவற்றைத் தனி லேயராக்கிச் சாம்பல் நிறம் கொடுங்கள். மற்றவற்றுக்கு ஆழத்தை −1000-ஆல் பெருக்கி இசட் மதிப்பாக ஏற்றுங்கள். பட்டியலில் ஆழம் கிலோமீட்டரில், நேர்க்குறியோடு இருக்கும்.

உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையான புரொஜெக்ஷனிலும் ஒரு சிக்கல் உண்டு. 2004 நடுக்க மையம் கிழக்கு 95.98 பாகையில் இருக்கிறது. உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் 46, 47 மண்டலங்கள் பிரிவது 96-இல், அதனால் ஆய்வுப் பகுதி இரண்டாக வெட்டுப்படும். ஆய்வுப் பகுதியை மையமாக வைத்து அஸிமுத்தல் ஈக்விடிஸ்டன்ட் (மையத்திலிருந்து தூரம் சரியாக வரும்) புரொஜெக்ஷன் ஒன்றை நாமே அமைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. குறுக்குவெட்டில் கிடை, செங்குத்து அளவுகோல்களைச் சமமாகப் பூட்டுங்கள், இல்லையென்றால் சாய்வுக்கோணம் பொய்யாகத் தெரியும்.

வகை பிரிக்க 2018-இல் வந்த ஸ்லாப்2 (இறங்கும் தட்டின் மேற்பரப்பு ஆழத்தைக் கட்டம் கட்டமாகத் தரும் தரவு) அருமையானது. ஒவ்வொரு நடுக்கத்தின் அடியிலும் தட்டின் ஆழத்தை எடுத்து, நடுக்க ஆழத்திலிருந்து கழித்துப் பாருங்கள். 10 கிலோமீட்டருக்குள் வந்தால் உரசு தளம் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். ஆழப்பிழை நெடுவரிசையில் அதைவிடப் பெரிய எண் இருந்தால் அந்தப் புள்ளியை எந்த வகையிலும் சேர்க்காதீர்கள்.

நிலத்தில் பிளவைத் தேடும்போது பலரும் கவனிக்காதது ஹில்ஷேட், அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தை ஒளி–நிழலாகக் காட்டும் படம். வழக்கமாக ஒளி 315 பாகையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து விழும். சுமத்ரா பெரும்பிளவும் வடமேற்கு–தென்கிழக்காகவே ஓடுகிறது. ஒளி பிளவின் நெடுகவே போவதால் சரிவுகளில் நிழல் விழாது, பிளவு மறைந்துவிடும். 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம் தரவில் (விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த நில உயரம்) ஒளியை 45 பாகைக்கு மாற்றினாலே பெரும்பிளவின் மேலேயே உள்ள சிங்கராக் ஏரியின் இருபுறமும் நேர்கோட்டு விளிம்புகள் எழுந்து நிற்கும்.

கியூஜிஐஎஸ்-இன் பெரிய குறை, பிளவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று காட்டும் பீச்பால் குறியீடு (கறுப்பு–வெள்ளைப் பந்து போன்றது) இயல்பாகவே அதில் இல்லாதது. 2012 ஏப்ரல் 11-இல் சென்னை வரை உணரப்பட்ட 8.6 நடுக்கம் தட்டு இறங்கத் தொடங்கும் கடலடி அகழிக்கு வெளியே, கடல் தட்டுக்குள் பக்கவாட்டில் நகர்ந்தது. பெரிய சுனாமி எழாததற்கு முக்கியக் காரணம் அதுதான். புள்ளிகளை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. இந்த ஒரு வேலையை ஜிஎம்டி (GMT) என்ற இன்னொரு இலவச வரைபட மென்பொருளின் meca கட்டளையில் வரைந்து, படமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது.