கியூஃபீல்ட் ஆப்: குட்டை, பள்ளம் (ஓடை) மேப் போட ஆகுமுங்களா?

ஆகும்ங்க, ஆனா கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூட இருக்கோணும். காசு கெடையாது, ஓப்பன் சோர்ஸ், ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும் வருது. மொதல்ல கம்ப்யூட்டர்ல கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாப்ட்வேர்ல மேப்பை ரெடி பண்ணித்தான் போனுக்கு ஏத்தோணும், அது ஆகாதுங்கறவங்க இதத் தொடவே வேண்டாம்.

அவிநாசி பக்கம் இது எதுக்குன்னா, 2024 ஆகஸ்ட்ல அத்திக்கடவு தண்ணி தொறந்தாங்கல்ல, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ இருந்து பவானி உபரித் தண்ணி வருசத்துக்கு 1.5 டிஎம்சி, 1,045 குளம் குட்டைக்குனு திட்டம், அந்தக் கணக்குல வராத குட்டைக இன்னும் நெறையா கெடக்குது, அதையும் சேருங்கனு மனு குடுக்கறப்ப கோயலுக்குப் பின்னால இருக்கற குட்டைன்னு வாயில சொன்னா ஆரு கேப்பாங்க? எந்த சர்வே நம்பரு, எது நெறஞ்சா எந்தப் பள்ளத்துல வழிஞ்சு அடுத்த குட்டைக்குப் போகும், நடுவுல எங்க மண்ணக் கொட்டி அடைச்சிருக்குது, எல்லாம் ஒரே படத்துல தெரியோணும்.

அதுக்கு இந்த ஆப் சும்மா சொல்லக்கூடாது. இட்டேரிக்குள்ள சிக்னல் சுத்தமா இல்லீன்னாலும் வேலை செய்யும், நடந்துட்டே பள்ளத்தக் கோடா போட்டுக்கலாம், மதகு, தடுப்பணைன்னு முன்னாடியே லிஸ்ட் பண்ணி வெச்சுட்டா தட்டுனா போதும், போட்டோவும் அங்கயே ஒட்டிக்கும். பெரியவங்களக் கூட்டிட்டுப் போங்க, பள்ளம் பழைய தடத்துல எங்க திரும்புச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

போன் ஜிபிஎஸ் மூணு நாலு மீட்டரு அக்கட்டால இக்கட்டால காட்டும், தென்னந்தோப்புக்குள்ள இன்னும் எச்சா. குட்டைக்குப் பரவால்ல, வரப்புத் தகராறுக்கு இத எடுத்துட்டுப் போயிராதீங்க, சர்வேயர்தான் வரோணும். தலவலி எப்எம்பிதான், அதாவது ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் இருக்கற நெல அளவுப் படம். ஆன்லைன்ல எடுத்துக்கலாம், ஆனா அதுல கல்லுக்குக் கல்லு அளவுதான் இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை கெடையாது, கண்ணுல படற எல்லைக் கல்லுகளப் புடிச்சு கம்ப்யூட்டர்ல படத்தப் பொருத்தோணும், பொறுமை போயிரும். இதச் செய்யாத மேப்ப ஆபீசுல யாரும் மதிக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல நவஹோங்கற பழங்குடி மக்கள் ஊருகள்லயும் இந்த மாதிரி கத இருக்குது, சுமாரா மூணுல ஒரு வீட்டுக்கு கொழாத் தண்ணி இல்ல, அட்ரஸே இல்லாத வீடுகளுக்கு யூட்டா பக்கம் கூகுள் பிளஸ் கோடு, அதாவது எடத்தக் காட்டற சின்னக் குறியீடு, போட்டுக் குடுத்தாங்க. அப்படியும் 2023ல சுப்ரீம் கோர்ட்டு, 1868 ஒப்பந்தப்படி தண்ணிக்கு அரசாங்கமே நடவடிக்கை எடுக்கோணும்னு கட்டாயம் இல்லைன்னு 5க்கு 4னு சொல்லிருச்சு. அதனால மேப்ப மட்டும் நம்பாதீங்க, எந்த சர்வே நம்பரு என்ன நெலம்னு காட்டற அ-பதிவேட்டு நகலும் சேத்து, வருசா வருசம் தாலுகாவுல நடக்கற ஜமாபந்தியில குடுங்க.

இன்னொண்ணு, தோட்டத்துப் போர்வெல்லைக் குறிச்சா நாளைக்கு மீட்டரு மாட்ட வந்துருவாங்கன்னு ஆளுக பயப்படுவாங்க, நியாயந்தான், அதனால பொதுவுல இருக்கறத மட்டும் போடுங்க. நெட்டு வழியா கிளவுடுல ஏத்த வேண்டாம்னா கேபிள்லயே ஏத்தி எறக்கிக்கலாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார்.