ஆற்றுப்பாசன வயலா, செம்மண் விளையா?

வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு திருநெல்வேலிச் சீமையில் சிறிதளவு நிலம் வாங்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் தென்படும்: தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் 50 சென்ட் நஞ்சை, அல்லது அதே பணத்துக்கு நாங்குநேரி, இராதாபுரம் பக்கம் அதைவிடக் கூடுதல் பரப்புள்ள செம்மண் விளை, அதாவது மரப்பயிருக்கான புன்செய் நிலம். விலையைவிட, வாங்கிய பிறகு மாதத்தில் எத்தனை நாள் அந்த மண்ணில் நம் கால் படும் என்பதை வைத்தே இரண்டையும் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் பாயும் வயல்களின் செழிப்புக்கு ஈடில்லை. கார் என்னும் முன்பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைப்பது பாபநாசம் அணையின் இருப்பைப் பொறுத்தது என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மழையின் துணை இருப்பதால் பிசானம் என்னும் அடுத்த போகம் பெரும்பாலும் கைவிடுவதில்லை. ஆனால் நஞ்சை தனித்து நிற்கும் நிலமன்று. தண்ணீர் பல இடங்களில் மேல்வயல்காரரின் மடை வழியாகத்தான் நம் வயலுக்கு வருகிறது. அறுவடை இயந்திரமும் அவர் வயலைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. ஆள் இல்லாத வயலின் வரப்பு, ஒவ்வொரு உழவின்போதும் பக்கத்து மண்வெட்டியால் நான்கு விரல் செதுக்கப்பட்டு, சில ஆண்டுகளில் நடக்கவே இடமின்றி மெலிந்துபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குத்தகைக்கு விட்டுவிடலாம் என்பவர்கள், 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவு எளிதாக ஆளை மாற்ற விடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வாங்கும் வயலிலேயே பதிவு பெற்ற குத்தகைதாரர் உண்டா, அது கோயில் அல்லது மடத்துக்குச் சொந்தமானதா என்று விசாரிப்பது இந்த ஆற்றங்கரையில் மிக அவசியம்.

விளையின் குணம் வேறு. பனை, புளி, முருங்கை என்று பொறுமையான மரங்களே அங்கு பொருந்தும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்கு வாழை நிற்காது; முருங்கையும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாவிட்டால் கிளை முறியும். கடலோரத்தை நெருங்க நெருங்கக் கிணற்று நீர் உவர்க்கக்கூடும் என்பதால், சித்திரை, வைகாசியில் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். கட்டணமில்லா விவசாய மின் இணைப்புக்குப் புதிதாக விண்ணப்பித்தால் நெடுங்காலம் காத்திருக்க நேரும். ஆகவே கிணறும் இணைப்பும் ஏற்கெனவே உள்ள நிலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நட்டமாகாது. நிற்கும் பனையை நினைத்தபடி வெட்டவும் முடியாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

விளையின் பெரும்பகை உடைமரம், அதாவது சீமைக் கருவேலம். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் விரல் உயரக் கன்றாக இருக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் ஜேசிபி இல்லாமல் வேர் அசையாது. ஆயினும் ஆண்டுக்கு நான்கைந்து முறை வந்துபோகிறவரால் இந்த வேலையைச் சமாளிக்க முடியும், வயல் வேலையை முடியாது. உடன்பிறந்தவரோ மச்சானோ வரப்பில் நிற்க ஆயத்தமாக இருந்தால் தயங்காமல் நஞ்சையை வாங்கலாம். அப்படி யாரும் இல்லாதவருக்கு விளையே ஏற்றது என்பேன்.

பண்ணை மனை என்று பத்துப் பத்து சென்டாகப் பிரித்து விற்பவற்றை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. பாதையும் தண்ணீரும் விற்பவர் வசமே இருக்கும் நிலம், வாங்கியவருக்குப் பாதிதான் சொந்தம்.

பத்திரச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்: முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 முதல் கிடைக்கிறது. நில ஆவணங்களைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரும் பரப்பும் பிறழ்ந்த பட்டாக்கள் பல இருப்பதால், தாய்ப்பத்திரத்தின் (முந்தைய மூலப் பத்திரத்தின்) நான்கு எல்லைகளை, நில அளவை வரைபடமான புலப்படத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. எங்கள் குடும்பம் முதலில் வாங்கிய வயலுக்குப் பட்டாவில் 20.23 ஏர், அதாவது 50 சென்ட் இருந்தது. கிரயம் முடிந்த பிறகு அளந்தபோது தரையில் 47 சென்ட்தான் தேறியது. அடுத்து விளை வாங்கியபோது, சங்கிலி பிடித்து அளந்து, நான்கு மூலையிலும் கல் ஊன்றி, பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே பத்திரம் எழுதினோம்.